மழைக்குப் பிறகு வா

ஹயேன் நகரத்தில் மே மாதம்
கார்களின் மேல் மஞ்சள் படியும்.
விரலால் பெயர் எழுதலாம்.
அத்தனையும் ஆலிவ் பூத்தூள்.
மலைச்சரிவெங்கும் வரிவரியாய் நிற்கிற மரங்கள்
காற்றிடம் கொடுத்தனுப்பும் கடிதங்கள்
முகவரி பிசகி
எங்கள் மூக்குக்கு வந்துவிடுகின்றன.

குறைமாதக் குழந்தைகளின் வார்டு வாசலில்
எனக்கு இரவுப் பணி.
கதவுக்கு அந்தப் பக்கம் பதினொரு பெட்டிகள்,
பெட்டிக்கு ஒரு கைப்பிடி உயிர்.
இந்தப் பக்கம்
வருகிறவர்களின் மூக்கை விசாரிப்பவள் நான்.

எவுஃப்ராசியோ வந்தான்.
ஊபெதா வழித்தடத்தில் பஸ் ஓட்டுகிறவன்.
ஏழாம் பெட்டியில் அவன் மகள்,
ஆயிரத்து இருநூறு கிராம்.
மனைவி மேல்மாடியில் தையலோடு படுத்திருக்கிறாள்.
கையில் ஒரு துணிப்பை.
வாசலைத் தொடுமுன்பே தும்மினான்.

முதல் தும்மலுக்கு "ஏசுவே" என்றேன்.
இரண்டாவதற்கு "மரியே".
மூன்றாவதற்கு "சூசையே".
நான்காவதற்குச் சொல்ல
எங்களிடம் யாரும் மிச்சமில்லை.
அவனோ ஏழில்தான் நின்றான்.

"ஆலிவ்தான் காசில்தா,
வருஷா வருஷம் இதே கதை."

உட்காரவைத்துக் கேட்டேன்.
கண் அரிக்கிறதா?
பிடுங்கி எறியலாம்போல.
அண்ணம்?
நாக்கால் தேய்த்தபடியே தலையசைத்தான்.
மூக்கில் வருவது?
தண்ணீர். மூடாத குழாய்.
ஜுரம்?
இல்லை.
உடம்பு வலி?
பஸ் ஓட்டுகிறவனிடம் கேட்கிற கேள்வியா இது?
எத்தனை நாளாக?
பதினைந்து.
பஸ் ஜன்னலை மூடினால்?
குறையும்.
வீட்டில் வேறு யாருக்காவது?

கொஞ்சம் தாமதித்தான்.
மைத்துனன் பையனுக்கு இருமல்.
ஞாயிறன்று மடியில் வைத்திருந்தேன்.

அந்தத் தாமதத்தில் என் பேனா நின்றது.

அரிப்பு, ஆலிவின் கையெழுத்து.
மற்றது அரிக்காது, அடித்துப் போடும்.
இவ்வளவும் எனக்குத் தெரியும்.
ஆனால் ஒரே மூக்கில்
இரண்டு பேர் குடியிருக்கக் கூடாதென்று
எந்தச் சட்டமும் இல்லை.
போன வருஷம் ஒரு தகப்பனை
வெறும் அலர்ஜி என்று சொல்லி
நானேதான் உள்ளே விட்டேன்.
மூன்றாம் பெட்டி.
அதற்குமேல் சொல்ல மாட்டேன்.

சோதனை அட்டையில் ஒற்றைக் கோடு விழுந்தது.
"இல்லை" என்பதற்கும்
"இன்னும் இல்லை" என்பதற்கும்
அதே ஒரு கோடுதான்.

"இன்று வேண்டாம்," என்றேன்.
"ராத்திரி மழை வரும் என்கிறார்கள்.
பூத்தூளை அது கழுவிவிடும்.
கழுவிய பிறகும் உன்னிடம் மிஞ்சுவது
பூவாக இருக்காது.
மழைக்குப் பிறகு வா."

அவன் கத்தவில்லை.
கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மாஸ்க் மாட்டி
நடைபாதைக் கண்ணாடி வழியே காட்டினேன்.
பெட்டியின் மேல்துணியை
உள்ளிருந்து ஒருத்தி விலக்கினாள்.
எட்டாவது தும்மல் எழும்பி வந்தது;
மூக்கைப் பிடித்து, தோள் குலுங்க,
அதை விழுங்கினான்.
கண்ணாடியைத் தாண்டி
ஒன்றும் கேட்காதென்று தெரிந்தும்.

இரண்டு மணிக்கு மழை பிடித்தது.
வண்டி நிறுத்துமிடத்தில்
கார்கள் ஒவ்வொன்றாய்த்
தங்கள் நிறத்துக்குத் திரும்பின.

காலை ஏழுக்கு வந்தான்.
கண் வெளுத்திருந்தது.
மூக்கு வறண்டிருந்தது.
ஒரு தும்மல் இல்லை.
பரீட்சை முடித்த பையன்போலச் சிரித்தான்.
எழுந்து நிற்கையில் மட்டும்
சுவரைத் தொட்டுக்கொண்டான்.

வெப்பமானியை நீட்டினேன்.
முப்பத்தெட்டு புள்ளி மூன்று.

இருவரும் அந்த எண்ணையே பார்த்தோம்,
அது மாறிவிடும் என்பதுபோல.
இத்தனை நாளும்
ஆலிவின் சத்தத்துக்குள் ஒளிந்திருந்தது
இப்போது தனியாக நின்றது.

பின்னால் நகர்ந்தான்.
நான் சொல்லாமலே
மூன்றடி, நான்கடி.
துணிப்பையைத் தரையில் வைத்து
காலால் என் பக்கம் தள்ளினான்.
உள்ளே,
எலுமிச்சம்பழத்துக்குப் போடலாம்போல
ஒரு கம்பளித் தொப்பி.

"துவைத்துவிட்டுப் போடுங்கள்," என்றான்.
"வெந்நீரில்."